வேர்வை காய வேண்டும்: நெல்லை வெயிலில் ஓடுகிறவர்கள் உடையிலும் ஷூவிலும் செய்யும் தவறுகள்

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் பாளையங்கோட்டை மைதானங்களில் புது முகங்கள் கூடிவிடும். போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பையன்கள், 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பெண்பிள்ளைகள், சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் விரட்டிவிட்ட நாற்பது வயதுக்காரர்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள். உடுப்பிலும் ஷூவிலும் நடக்கிற கூத்து நாங்கள் ஓட வந்த காலத்தில் அடித்த அதே கூத்துதான். கம்பெனிப் பெயர்கள் மட்டும் புதுசு.

ஜீன்ஸ் போட்டு ஓடாதே, உச்சி வெயிலில் இறங்காதே, தண்ணீர் குடி என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். நன்றாக யோசித்து, காசும் செலவழித்துச் செய்கிற தவறுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேர்வைக் கோட்டு

மழைக்கோட்டு மாதிரி பளபளவென்று ஒரு ஜாக்கெட். கழுத்திலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் எலாஸ்டிக். உள்ளே வெள்ளிப் பூச்சு. சௌனா சூட் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதற்குக் காசு போதாதவர் வீட்டில் கிடக்கும் மழைக்கோட்டையே மாட்டிக்கொண்டு வருகிறார். வயிற்றில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் ரப்பர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: நிறைய வேர்த்தால் கொழுப்பு கரையும்.

வ.உ.சி. மைதானத்தில் ஒருவர் இப்படித்தான் தினமும் வருவார். கடை வைத்திருப்பவர், எழுபது கிலோவுக்கு மேல் இருப்பார். ஓடி முடித்து மணிக்கட்டு எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால், உள்ளே தேங்கிய வேர்வை முழங்கையிலிருந்து இறங்கி மண்ணில் கொட்டும். அதைக் காட்டி, "பாத்தியளா அண்ணாச்சி, ஒரு கிலோ எறங்கிட்டு" என்பார். எடைமெஷின் அப்படித்தான் காட்டும். பொய்யும் இல்லை. ஆனால் நேரே போய் இரண்டு நன்னாரி சர்பத், ஒரு செம்பு தண்ணீர், காலை இட்லி என்று இறக்கினால் மத்தியானத்துக்குள் அந்த ஒரு கிலோ திரும்ப ஏறிவிடும். இறங்கியது தண்ணீர்தானே! கொழுப்பு வேர்வையாக உருகி வடிவதில்லை. உடம்பு அதை எரித்தபின் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சு வழியாக வெளியே போகிறது. கோட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே தூரத்துக்கு எரிவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்க்கப்போனால், கோட்டுக்காரர் சீக்கிரம் களைத்து இரண்டு சுற்று குறைவாகத்தான் ஓடுவார்.

எடை குறையவில்லை என்பதோடு போயிருந்தால் நான் இவ்வளவு எரிச்சல்பட மாட்டேன். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி வீதம் செலவாகும். எழுபது கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 350 கலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாக மாறுகிறது. 270 என்று வையுங்கள். எழுபது கிலோ உடம்பை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற 58 கலோரி போதும். அந்தச் சூடு முழுக்க உள்ளேயே தங்கினால் உடம்பு நாலரை டிகிரி ஏறிவிடும். 37-இல் இருந்தவர் 41-ஐத் தாண்டிவிடுவார். முழுக்கத் தங்காது, கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். ஆனால் பாதி தங்கினாலே ஆபத்தின் வாசலுக்கு வந்துவிடுவோம்.

இதிலிருந்து நம்மைக் காப்பது வேர்வைதான். அதுவும் காய்கிற வேர்வை. அரை லிட்டர் வேர்வை தோலிலிருந்து காய்ந்து போனால் ஏறக்குறைய 290 கலோரிச் சூட்டைக் கூடவே கொண்டுபோய்விடும். நாம் மேலே போட்ட கணக்கு அப்படியே நேராகிவிடுகிறது. சொட்டி மண்ணில் விழும் வேர்வைக்கு இந்த வேலை தெரியாது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். மண்பானையில் தண்ணீர் குளிர்வது வெளிப்பக்கம் கசிந்து காய்வதால். அந்தப் பானையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, ஏன் ஜில்லென்று இல்லை என்று யாராவது கேட்பார்களா?

நம்மூரில் இது இன்னும் மோசம். தோலின் சூடு 35 டிகிரி செல்சியஸ் பக்கம். பாளையங்கோட்டையில் 100 டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்களே, அது பாரன்ஹீட்; செல்சியஸில் கிட்டத்தட்ட 38. அதுவும் நிழலில் அளந்தது. காற்று நம்மைவிடச் சூடாக இருக்கும்போது வீசுகிற காற்றே சூட்டை ஏற்றும். அப்போது வேர்வை காய்வதைத் தவிர உடம்புக்கு வேறு வழியே கிடையாது. அந்த ஒரு வழியையும் ஜிப் போட்டு மூடிக்கொள்வதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

நான் சொன்ன கடைக்காரர் அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் எழுந்திருக்கத் தாமதமாகி, வெயில் ஏறியபின் வந்து ஓடினார். சுற்று முடியும் முன்பே கால் பின்ன ஆரம்பித்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். அந்த உளறல்தான் அடையாளம். உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறுவது. கோட்டைக் கழற்ற வரவில்லை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. கிழித்துத்தான் எடுத்தோம். 108-க்கு ஒருவர் போன் போட, நாங்கள் ஹோஸ் பைப்பில் தண்ணீரை அடித்து, சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கி அக்குளிலும் கழுத்திலும் வைத்து, அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தோம். பிழைத்துவிட்டார். இப்படி யாராவது விழுந்தால் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற தண்ணீரை ஊற்றிக் குளிர வைப்பதுதான் முதல் வேலை. உளறுகிறவர் வாயில் சோடாவையோ தண்ணீரையோ ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

"பாக்ஸர்லாம் போடுறாங்களே அண்ணாச்சி" என்று பையன்கள் கேட்பார்கள். அவர்கள் போடுவது எடைப்பிரிவுக்காக. மெஷினில் ஏறும் அந்த ஒரு நிமிடத்துக்காகத் தண்ணீரை இறக்கிவிட்டு, இறங்கியதும் குடித்துவிடுகிறார்கள். அதுவும் எல்லா நேரமும் நல்லபடி முடிந்ததில்லை. 1997-இல் அமெரிக்காவில் ஐந்தாறு வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடை குறைக்க இப்படிக் காற்றுப் புகாத உடுப்பைப் போட்டுச் சூட்டில் பயிற்சி செய்து இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடுப்பைத் தடை செய்தார்கள். செத்தவர்கள் நல்ல பயிற்சி பெற்ற இளவட்டங்கள். நமக்கோ சர்க்கரை, பிரஷர் எல்லாம் கூடவே வருகிறது.

தொப்பிவைத்த கனத்த ஸ்வெட் ஷர்ட்டும் இதன் சின்னத் தம்பிதான்.

கறுப்பு

வெயிலில் சூட்டை இழுக்கும். விடியுமுன் ஓடினால் நாலுவழிச் சாலையில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

காட்டனா, பாலியஸ்டரா?

வெயிலுக்குக் காட்டன்தான் நல்லது என்று வீட்டில் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் பழைய கையில்லாத பனியன் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அதற்கு மேல் போனால் காட்டன் வேர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும், விடாது. கனத்துத் தொங்கும், மார்பிலும் அக்குளிலும் உரசிப் புண்ணாக்கும். மெல்லிய, கண்ணறை உள்ள பாலியஸ்டர் பனியன் அதற்குத் தேவலை. டவுன் ரதவீதிகளில் பெரிய பெயர் இல்லாத சரக்கே நன்றாகக் கிடைக்கும்.

ஆனால் பாலியஸ்டர் என்றால் எல்லாம் பாலியஸ்டர் ஆகிவிடாது. கால்பந்து ஜெர்ஸிகளில் நெஞ்சிலும் முதுகிலும் பெரிய எண், பெயர், கம்பெனி முத்திரை என்று ஒட்டியிருப்பார்கள். தடவிப் பாருங்கள், ரப்பர் மாதிரி இருக்கும். முதுகில்தான் அதிகம் வேர்க்கும், அங்கேதான் காற்றை அடைத்து ஒட்டியிருக்கிறார்கள். வேர்வைக் கோட்டின் ஒரு துண்டை முதுகில் சுமப்பது போலத்தான். எண் இல்லாத ஜெர்ஸி வாங்குங்கள். பிடித்த ஆட்டக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெண்பிள்ளைகள் கறுத்துவிடுவோம் என்று முழுக்கை போடுவதைச் சிலர் கேலி செய்கிறார்கள். மெல்லியதாக, தொளதொளவென்று, வெளிர் நிறத்தில் இருந்தால் முழுக்கை நல்லதுதான், வெயில் நேரே தோலில் படாது. தடித்த லெக்கிங்ஸும் மேலே சுற்றிய துப்பட்டாவும்தான் சிக்கல். துப்பட்டாவைப் பையில் வைத்துவிட்டு, கழுத்தில் நனைத்த ஈரிழைத் துண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

குற்றாலக் காற்றை நம்புவது

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது பாளையங்கோட்டைக்கு மழை வராது, மேகமும் காற்றும் மட்டும் வரும். ஆளையே தள்ளுகிற காற்று. "வேர்க்கவே இல்ல" என்று சொல்லி அந்த மாதங்களில் தடித்த டிராக் பேண்ட், ஜாக்கெட்டுக்கு மாறுகிறார்கள். வேர்க்கிறது, கண்ணில் படுவதற்குள் காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பனியனைப் பாருங்கள், முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருக்கும். உடுப்பைக் குறைத்தே வைத்திருங்கள்.

தொடை இடுக்கில் பவுடர்

போடாதீர்கள். வேர்வையில் குழைந்து திரிதிரியாக உருண்டு, உரசலைக் கூட்டும். வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் அரைமணி நேரம் தாங்கும்.

காலையில் ஷூ வாங்குவது

காலையில் கடை திறந்ததும் போய், வெறுங்காலை நுழைத்துப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கி வருவார்கள். வெயிலில் ஓடும்போது கால் வீங்கும். அந்தக் கச்சிதத்தில் கட்டைவிரல் ஒவ்வொரு அடிக்கும் முன்பக்கம் போய் முட்டும். கொஞ்ச நாளில் நகம் கறுத்துவிடும், அப்புறம் கழன்று விழும். பெருவிரல் நகம் கறுத்திருப்பதைப் பெரிய ஓட்டக்காரன் என்பதற்கு அடையாளமாகக் காட்டித் திரிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஷூ சின்னது, வேறொன்றுமில்லை.

சாயங்காலம், நாளெல்லாம் நடந்த காலோடு போங்கள். ஓடும்போது போடுகிற சாக்ஸைக் கொண்டுபோய் அதைப் போட்டுப் பாருங்கள். எழுந்து நின்றால் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இதற்காக வழக்கமான நம்பரைவிட அரையோ ஒன்றோ கூட வாங்க நேரலாம், வெட்கமில்லை. கடைப்பையன், "போடப் போட லூஸாயிரும் சார்" என்பான். தோல் செருப்புக்கு அது உண்மை. ஓட்ட ஷூவின் மேல்துணி அப்படிப் பெரிதாக இளகாது.

அந்த மேல்துணியையும் பார்த்து வாங்க வேண்டும். ஷூவுக்குள் கையை விட்டு டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். விரல் மங்கலாகவாவது தெரிந்தால் காற்றுப் போகும். தண்ணீர் புகாது என்று விலை கூட்டிச் சொல்லும் மாடலை நம்மூருக்கு வாங்கவே வேண்டாம். வெளியிலிருந்து புகாத தண்ணீர் உள்ளிருந்து வெளியேறவும் திணறும். கால் வேர்வையிலேயே ஊறிக் கிடக்கும்.

பள்ளிக்கூட சாக்ஸ்

காட்டன், ஈரம், கொப்புளம்.

வெறுங்கால் வீரம்

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி ஜெயித்தார் என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். ஜெயித்தார்தான். அந்த ஓட்டம் சாயங்காலம் தொடங்கி இருட்டியபின் முடிந்தது. 1964-இல் டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடி, மூன்று நிமிடம் குறைவாக முடித்து மறுபடியும் ஜெயித்தார் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

வெறுங்காலுக்கு நான் எதிரி இல்லை. குதிரைமொழித் தேரிச் செம்மணலில் விடியற்காலையில் வெறுங்காலோடு ஓடினால் கெண்டைக்கால் உரமேறும். அதே மணல் வெயில் ஏறியபின் காலை வைக்க விடாது. தார்ச்சாலை இன்னும் கொடுமை. கோடை நடுப்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். குளத்தங்கரையில் சூடு குறைவு, ஆனால் உடைமரத்து முள் கிடக்கும். அது மெத்தென்ற ஷூ அடியையே துளைக்கும், வெறுங்காலை விடுமா?

ஷூவை மொட்டை மாடியில் காயப்போடுவது

பசை விட்டு அடி பிளந்துகொள்ளும். உள்ளே பழைய தினத்தாளைத் திணித்து, காற்றாடிக்குக் கீழே வையுங்கள்.

தேர்வுக்கென்று புது ஷூ

உடல்தகுதித் தேர்வுக்கு முந்தின நாள் மாமாவோ அண்ணனோ ஆசையாகப் புது ஷூ வாங்கிக் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. காலையிலேயே வரச் சொன்னாலும் உயரம், மார்பளவு எல்லாம் பார்த்து, வரிசையில் உட்கார்ந்து, முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடலாம். வீங்கின கால், பழகாத ஷூ, அதற்கு மேல் 1500 மீட்டர். குதிகாலில் தோல் உரிவது மூன்றாவது சுற்றில்தான் தெரியும், அப்போது நின்று சரிசெய்ய நேரம் இருக்காது. மாமாவுக்கு நன்றி சொல்லிப் புதுசைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, அடி தேயாத பழசைப் போட்டுப் போங்கள். வரிசையில் காத்திருக்கும்போது லேஸைத் தளர்த்தி வைத்து, பெயர் கூப்பிட்டதும் இறுக்கிக்கொள்ளுங்கள்.