வெள்ளை விழுந்த கண்ணில் திடீர் வலியா? ஆபரேஷன் வரை செய்ய வேண்டியது

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வயதானவர்களிடம் கண்புரை பற்றிக் கேட்டுப் பாருங்கள், "இன்னும் முத்தலப்பா, முத்தட்டும்" என்பார்கள். என் பெரியம்மாவும் அதையே சொல்லிக்கொண்டு செம்பனைக்கடியில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரியில் அவருக்கு ஒரு பக்கத் தலைவலி, வாந்தி. காற்றுதான் என்று நினைத்துக் கோடாலித் தைலம் தேய்த்து, பெனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டோம். இரண்டாம் நாள்தான் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண் ரத்தச் சிவப்பு, கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கல், நடுவே கண்பாப்பா நுங்கு நிறத்தில் இருந்தது.

முத்திய புரை தண்ணீர் குடித்து வீங்கினால் லென்ஸ் முன்பக்கம் தள்ளும், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறுகிற மூலை அடைபடும், அழுத்தம் சரசரவென்று ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டியது பெரியம்மாவுக்கு 52. இன்னொரு வகையும் உண்டு: புரை முற்றிலும் பழுத்து லென்ஸிலிருந்து புரதம் கசிய, அதைத் தின்ன வரும் செல்களே வடிகாலை அடைத்துவிடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான், அந்த லென்ஸை எடுப்பது. சொட்டு மருந்து அதுவரை நேரம் வாங்கித் தரும், அவ்வளவே.

ஆகவே வெள்ளை விழுந்த கண்ணில் வலி, சிவப்பு, வாந்தி என்று சேர்ந்து வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். தோட்டத்து மருந்தாளான டிரெசரிடமோ கிளினிக்கிலோ வரிசையில் உட்கார்ந்து நாளைக் கழிக்க வேண்டாம். எங்களுக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி பக்கம், உங்களுக்கு எங்கே கண் பிரிவு இருக்கிறதோ அங்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கவுண்டரில் "மாத்தா சாக்கிட், மேரா, மூந்தா, காபூர்" (கண் வலி, சிவப்பு, வாந்தி, மங்கல்) என்று மலாயில் நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் தலைவலி என்று எழுதினால் பின்னால் தள்ளிவிடுவார்கள், எங்களுக்கு அதுதான் நடந்தது. ஐசியோடு (அடையாள அட்டை) சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்துமா இருந்தால் அழுத்தம் குறைக்கும் டிமோலோல் சொட்டு ஆபத்து, கிட்னி கோளாறோ சல்ஃபா ஒவ்வாமையோ இருந்தால் அழுத்தம் குறைக்கும் டயமாக்ஸ் மருந்து கொடுக்கும் முன் டாக்டர் யோசிப்பார், ஆண்கள் மூத்திரத்துக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் ஆபரேஷனில் பாப்பாவைச் சுற்றியுள்ள திரையைத் தொய்ய வைக்கும். அவர்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உடனே கத்தி வைக்கவில்லையே என்று டாக்டரோடு சண்டை போடாதீர்கள். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது கண்ணைத் திறந்தால் உள்ளே ரத்தம் கொட்டும் அபாயம் உண்டு. அதனால் முதலில் டயமாக்ஸ், சொட்டுகள், தேவைப்பட்டால் ஊசி வழியாக மானிட்டோல், வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு. டயமாக்ஸில் விரல் மரமரக்கும், ஓயாமல் மூத்திரம் வரும், பயப்பட வேண்டாம். பின்பக்கம் தெரியாததால் ஸ்கேன் எடுப்பார்கள், டார்ச் அடித்து எந்தப் பக்கம் வெளிச்சம் என்று கேட்பார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் எவ்வளவு பார்வை திரும்பலாம் என்று ஊகிப்பார்கள்.

மருந்துக்கு அழுத்தம் இறங்கினதும் ஆபரேஷன். இறங்க மறுத்தால் இன்னும் சீக்கிரமே செய்ய வேண்டிவரும். பெரும்பாலும் கண்ணோரம் மரப்பு ஊசி மட்டும்தான். வெள்ளை லென்ஸில் உறை தெரியாது, ஆகவே நீலச் சாயம் பூசி வட்டமாகக் கிழிப்பார்கள். உள்ளே அழுத்தம் நிறைந்திருப்பதால் உறை நடுவில் நீளமாகப் பிளந்துவிடுவதும் உண்டு, அப்போது நீலம், வெள்ளை, நீலம் என்று தெரியும், டாக்டர்கள் அதை அர்ஜென்டினா கொடி என்பார்கள். புரை கல்லாக இருந்தால் கருவியால் உடைத்து உறிஞ்சாமல் சற்றுப் பெரிய வெட்டில் முழுசாக எடுத்துச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். பெரிய வெட்டு என்றால் பழைய காலத்து முறை என்று முகம் சுளிக்க வேண்டாம், இந்தக் கண்ணுக்கு அதுதான் பத்திரமாக இருக்கலாம். மூலை பல நாள் ஒட்டிப்போயிருந்தால் லென்ஸ் எடுத்த பிறகும் அழுத்தம் நிற்கலாம், அப்போது சொட்டு தொடரும், இல்லையென்றால் நீருக்குத் தனி வழி திறக்கும் ஆபரேஷன். "அழுத்தத்தில் பார்வை நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது?" என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சில வாரம் சொட்டு, தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி. தலையில் தண்ணீர் ஊற்றக்கூடாது, குனிந்து உதிரிப் பழம் பொறுக்கக்கூடாது. வலி கூடினாலோ பார்வை குறைந்தாலோ அடுத்த அப்பாய்ன்மெண்ட் வரை காத்திருக்காமல் திரும்பிப் போங்கள்.

பெரியம்மாவுக்கு இரண்டு நாளை நாங்கள் வீட்டிலேயே தின்றுவிட்டோம். இப்போது அந்தக் கண்ணில் ஆள் நடமாட்டம் தெரிகிறது, முகம் பிடிபடவில்லை. மறு கண்ணிலும் புரை இருந்தது. அதை முத்த விடாமல் அடுத்த தீபாவளிக்கு முன்பே எடுத்தாயிற்று, முறுக்கு பிழிய இப்போது அந்தக் கண்தான் உதவுகிறது.