இரவு ஓட்டமும் தூக்கத்தில் இதயத் துடிப்பும்

இரவு 11 மணிக்குப் படுப்பவர் கடும் ஓட்டத்தையும் எடைப் பயிற்சியையும் 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. தாமதமானால் உடல் சூடும், துடிப்பை ஏற்றும் ஹார்மோனான அட்ரினலினும் அடங்க நேரமிருக்காது. தூங்கிய பின்னும் துடிப்பு உயர்ந்தே நிற்கும். சென்னையில் இது இன்னும் கூடும். புழுக்கத்தில் வியர்வை உலராது, சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கும்.

வேலை முடிந்து 9 மணிக்குத்தான் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வர முடிகிறதா? ஓடாதீர்கள். மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் 30 நிமிடம் நடங்கள், அதுவே போதும். ஓடியே தீருவேன் என்றால் கடைசி 10 நிமிடம் மெல்ல நடந்து முடியுங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். பிறகு இட்லி சாப்பிடலாம், பரோட்டா வேண்டாம்: கனத்த உணவைச் செரிக்கவும் இதயம் கூடுதலாக உழைக்கும்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் தூக்கத் துடிப்பில் ஓரிரவுக் கணக்கைவிட வாரச் சராசரியைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் உடனே 108.