கார்த்திகைப்பூவைச் சாடியில் வளர்க்க: கிழங்கின் நுனி கவனம்

கோப்பாய்ச் செம்மண் வளவில் வேலியோரம் தானாக முளைக்கும் கார்த்திகைப்பூ, நான் ஆசையோடு சாடியில் நட்டபோது இரண்டு மாரிக்கு எட்டியே பார்க்கவில்லை. மூன்றாம் மாரியில்தான் காரணம் பிடிபட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

கொடி காய்ந்த பின் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். ஆவணியில், மழைக்கு முன்னதாகத் தோண்டுங்கள். கையுறை கட்டாயம். கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கொல்சிசின் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு. பார்வைக்கு வற்றாளங்கிழங்கு போல இருப்பதால் அடுக்களைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் ஆடும் உள்ள வீடென்றால் சாடியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

நான் தவறியது தோண்டும்போதுதான். உருளைக்கிழங்குக்கு உடலெங்கும் கண் இருக்கும். வெட்டி நட்டாலும் முளைக்கும். இது அப்படியல்ல. கலப்பையைப் போல இரண்டு கை விரித்திருக்கும் கிழங்கு இது. கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதனால்தான். ஒவ்வொரு கைக்கும் அதன் நுனியில் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கை அவ்வளவுதான். அலவாங்கால் நெம்பி, நுனிகளை மண்ணிலேயே விட்டுவிட்டு, உயிரற்ற நடுத்துண்டை இரண்டு வருடமாக நட்டிருக்கிறேன்! இப்போது அரை முழம் தள்ளி மண்ணை இளக்கி, பிறகு சிரட்டையால் மெதுவாக வழித்தெடுக்கிறேன். கடையில் விற்கும் இரும்புக் கரண்டியைவிடச் சிரட்டையே நல்லது. அதன் விளிம்பு முளையைக் கீறாது. இரண்டு கையையும் பிரிக்க விரும்பினால் அவை சேரும் மூட்டில் மட்டும் பிரியுங்கள்.

செம்மண், மணல், மக்கிய மாட்டெரு மூன்றும் சம பங்கு. அடியில் துளையுள்ள அகலச் சாடியில், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், கிழங்கைப் படுக்கவைத்து மூடுங்கள். முளை தெரியும்வரை மண் சற்றே ஈரமாக இருந்தால் போதும். தேங்கும் நீர் கிழங்கை அழுகவைத்துவிடும்.

இந்தக் கொடி பற்றுவது இலை நுனியால். இலையே நீண்டு சுருண்டு பிடிக்கும். ஆகவே தடித்த பூவரசங்கதியால் உதவாது; பென்சிலைவிட மெல்லிய கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றுங்கள். தண்டு சட்டென ஒடியும். கையால் வளைத்துச் சுற்றாதீர்கள்.

கார்த்திகையில் பூ விரியும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். ஆறு இதழும் மேல்நோக்கி மடிந்து தீக்கொழுந்தாக நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீளும். பச்சை கலந்த மஞ்சள் நாளுக்கு நாள் சிவப்பாக மாறுவதைக் காண நான் விடியற்காலையில் எழுந்து போவேன்.

பின்சேர்க்கை: தை மாதத்தில் கொடி மஞ்சளாகிவிட்டது, உரம் போடவா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது நோயல்ல, உறக்கத்துக்குப் போகிறது. தண்ணீரை நிறுத்திவிட்டு, சாடியை மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். விதை போட்டவர்களும் பொறுத்திருங்கள். அதிலிருந்து பூக்காண மூன்று நான்கு வருடம் செல்லும்.