வடிகான் கணக்கைக் கேட்டுப் பெற்ற விதம்

திருகோணமலையில் எங்கள் வீட்டுத்திட்டத்தின் குடியிருப்போர் சங்கம் மாதந்தோறும் பராமரிப்புப் பணம் வாங்கினாலும், வடிகான் திருத்திய செலவுக் கணக்கைக் காட்டவில்லை. வாயால் கேட்டபோதெல்லாம் "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம், ஐயா" என்றே பதில் வந்ததால், கூட்ட அறிக்கை, ரசீதுகள், வங்கிக் கூற்று எனப் பெயர் குறித்து எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

வேலையின் ஒரு பகுதி உள்ளூராட்சி மன்றப் பணத்தில் நடந்தபடியால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மன்றத்தின் தகவல் அலுவலரிடமும் விண்ணப்பித்தேன். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் "எல்லா விவரமும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும் என்பதால், மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர் ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் கேட்டேன்.

பதில்களைக் கண்காணிக்க ஒரு சீ.ஆர். கொப்பியே போதுமாக இருந்தது. கேட்ட ஆவணம், கொடுத்த திகதி, பெற்றுக்கொண்டமைக்கான கடிதம், பதில் வரவேண்டிய நாள் என நிரல்கள் போட்டேன். முடிவைத் தெரிவிக்கச் சட்டம் தரும் 14 நாட்கள் வேலை நாட்கள் என்பதால், சனி, ஞாயிறு, போயா தினங்களைக் கழித்தே எண்ணவேண்டும் (கலண்டரைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது). கெடு கடந்தும் பதில் வராததால், மேன்முறையீட்டுக்கான 14 நாட்களுக்குள் மன்றத்தில் மேன்முறையீடுகளைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதினேன். அங்கும் தவறினால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்ல இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குத் தேவை ஏற்படவில்லை. மதிப்பீடும் வவுச்சர்களும் வந்தன. அவற்றைக் கண்டபின் சங்கப் பொருளாளரும் தமது ரசீதுகளைத் தந்தார். வங்கிக் கூற்றுக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.