டீசல் லாரிக்கு ப்ளோ ஆஃப் வால்வு தேவையா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நேராகச் சொல்லிவிடுகிறேன்: கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள டீசல் லாரியிலோ பிக்கப்பிலோ ப்ளோ ஆஃப் வால்வு (அந்த அழுத்தக் காற்றை வெளியே விடும் வால்வு) மாட்டினால் கிடைப்பது சத்தம் மட்டும்தான். சத்தம்தான் வேண்டும் என்றால் அது உங்கள் ஆசை, அதற்கும் கீழே வழி சொல்கிறேன். ஆனால் டர்போ அதிக நாள் உழைக்கும், இழுவை கூடும், மைலேஜ் ஏறும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

காரணம் புரிய முதலில் பெட்ரோல் இன்ஜினைப் பார்க்க வேண்டும். அதில் காற்று போகும் வழியில் த்ராட்டில் என்று ஒரு தகடு உண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது சட்டென்று மூடிக்கொள்ளும். டர்போவோ நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, நினைத்தவுடன் நிற்காது, காற்றைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் காற்று மூடிய தகட்டில் முட்டித் திரும்பி, டர்போவில் காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் விசிறியிலேயே வந்து மோதுகிறது. இதற்குப் பெயர் சர்ஜ். தண்டு முன்னும் பின்னும் உதறுகிறது, அந்த உதறலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அடி வாங்குகிறது. அடைபட்ட அந்தக் காற்றுக்கு வெளியே போக வழி திறந்துவிடுவதுதான் ப்ளோ ஆஃப் வால்வின் வேலை, வேறு எதுவும் இல்லை.

டீசலில் அந்தத் தகடே கிடையாது, இருந்தாலும் இந்த வேலைக்கு அல்ல. டீசல் இன்ஜினின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே தெளிக்கும் டீசலின் அளவு. காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை நிறுத்தும், காற்றுப் பாதை திறந்தே கிடக்கும், பிஸ்டன்கள் பாட்டுக்கு காற்றை இழுத்து சைலன்சர் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும், எக்ஸாஸ்ட்டில் சூடு குறைந்ததால் டர்பைனும் (டர்போவில் புகை சுழற்றும் விசிறி) தானே வேகம் இறங்கிவிடும். அடைபடுவதற்கு அங்கே எதுவுமில்லை. புது வண்டிகளின் இன்டேக்கில் (காற்று நுழையும் பாதையில்) ஒரு தகடு இருக்கிறதே என்று கேட்கலாம். அது இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) ஓட்டத்துக்கும், டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரியை எரிக்கும் நேரத்துக்கும், சாவியை அணைத்ததும் இன்ஜின் குலுங்காமல் நிற்கவும் வைத்தது. நீங்கள் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பூஸ்ட்டை, அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை, அடைப்பது அதன் வேலை அல்ல.

இடையில் ஒன்று: பெரிய லாரிகள் "ப்ஸ்ஸ்" என்று விடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு அதில் மட்டும் வால்வு இருக்கிறதே என்பவர்கள் நிறைய. அது டர்போ சத்தமே அல்ல. ஏர் பிரேக் டேங்கில் அழுத்தம் நிறைந்ததும் ஏர் டிரையர் ஈரத்தை வெளியே ஊதித் தள்ளும் சத்தம் அது.

பெட்ரோல் காரில் கழற்றிய வால்வை அப்படியே டீசலில் போட்டாலும் வேலை செய்யாது. அது திறப்பதற்கு, த்ராட்டில் மூடியதும் மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாயில்) உண்டாகும் வேக்வம் வேண்டும். டீசல் மேனிஃபோல்டில் அந்த வேக்வம் வராது. அதனால்தான் டீசலுக்கென்று விற்கும் கிட்களில் சோலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு), பெடல் ஸ்விட்ச், ஒயரிங் எல்லாம் இருக்கும். திறக்கத் தேவையே இல்லாத நேரத்தில் கரண்ட் கொடுத்துத் திறக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் வண்டியில் உண்மையிலேயே ஏதோ சத்தம் வருகிறது, அதனால்தான் இதைத் தேடினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். முழு பூஸ்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று காலை எடுத்தால் நாய் குரைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தால், பெரும்பாலும் அது எக்ஸாஸ்ட் பக்கத்துச் சங்கதி. டர்பைனுக்குப் புகை போகும் வழியை அகலமாக்கவும் குறுக்கவும் ‘வேன்’ என்ற சின்னத் தகடுகள் அசையும் வி.ஜி.டி. டர்போ என்றால் காலை எடுத்ததும் அந்த வேன்கள் மூடிக்கொள்வதாலோ, எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து வண்டியை மெதுவாக்குவது) உடனே விழுவதாலோ புகையின் வழி குறுகி, இன்ஜின் காற்றை விழுங்கும் அளவு திடீரென்று குறைகிறது. இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங் மாற்றியிருந்தால் அதைச் செய்தவரிடமே திரும்பப் போய், காலை எடுக்கும் நேரத்தில் வேன்களைத் திறந்து வைக்கும்படி சரிசெய்யச் சொல்லுங்கள். எப்போதோ ஒரு தடவை குரைத்தால் பயப்பட வேண்டாம், கியருக்குக் கியர் குரைத்தால்தான் பார்க்க வேண்டும்.

சுமையோடு மேட்டில் குறைந்த ஆர்.பி.எம்.மில் பெடலை மிதித்தபடி இருக்கும்போதே "சக் சக் சக்" என்று வந்தால் அது இன்னும் மோசம். ப்ளோ ஆஃப் வால்வு இதற்கு உதவவே உதவாது, ஏனென்றால் பெடல் மிதிபட்டிருக்கும் நேரத்தில் அது மூடித்தான் இருக்கும். நசுங்கிய ஹோஸ், அடைத்துப்போன இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்), கரி பிடித்துச் சிக்கிய வேன்கள், அல்லது இன்ஜினுக்குப் பொருந்தாத பெரிய டர்போ, இவற்றில் ஒன்றாக இருக்கும். கீழ் கியருக்கு இறங்கினால் சத்தம் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் சர்ஜ்தான்.

டர்போ ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறதா என்று பார்க்க, இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றுங்கள். கம்ப்ரஸர் விசிறியின் நட்டை இரண்டு விரலால் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். இந்த முன்பின் அசைவு கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடினால் பரவாயில்லை, சாதா பேரிங்கில் ஆயில் படலம் இல்லாதபோது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் இறக்கையின் நுனி ஹவுசிங்கில் உரசுகிறது, அல்லது உள்சுவரில் பளபளவென்று கோடு விழுந்திருக்கிறது என்றால் வால்வுப் பேச்சை விட்டுவிட்டு டர்போவைக் கழற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்தது லீக். டீசலில் இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பூஸ்ட் ஹோஸைத்தான். டர்போ வாயில் பொருந்தும் ஒரு மூடியில் டயர் வால்வைப் பொருத்தி, 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு மெதுவாகக் காற்று ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், கிளாம்ப் நழுவினால் அது பாய்ந்து வரும். குமிழி வரும் இடத்தில் கிளாம்ப்பை மாற்றினாலே வண்டி பாதி சரியாகிவிடும்.

ப்ளோ ஆஃப் வால்வால் வரும் கெடுதலும் இந்த லீக்தான். ஸ்ப்ரிங் தளர்ந்தாலோ சீல் தேய்ந்தாலோ பூஸ்ட் நேரத்தில் காற்று கசியும், காற்று குறைந்தால் புகை, எக்ஸாஸ்ட் சூடு, கடைசியில் பூஸ்ட் போதவில்லை என்று காட்டும் பி0299 கோடு வந்து வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். அளவெடுத்த காற்றை வெளியே விடுவதால், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை நம்பி ஓடும் இ.சி.யு.வின் கணக்கும் குழம்பும்.

உண்மையிலேயே பயன்படும் வண்டிகளும் உண்டு. இழுவைப் போட்டிக்குப் பெரிய டர்போ ஒன்றோ இரண்டோ அடுக்கிக் கட்டியவர்கள், அளவுக்கு மீறி பூஸ்ட் ஏறினால் ஹோஸ் கிழியாமல் இருக்க அழுத்தம் விடும் வால்வு வைப்பது நியாயம்தான். சாலையில் ஓடும் வண்டியில் பூஸ்ட் அதிகமாகிறது என்பது உங்கள் கவலை என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும் வேஸ்ட்கேட்டையோ (டர்பைனைத் தவிர்த்துப் புகையில் கொஞ்சத்தை வெளியே விடும் கதவு) வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டரையோ பாருங்கள். டர்போவின் வேகத்தைக் குறைப்பது அவைதான். காற்றை வெளியே ஊதிவிட்டால் பூஸ்ட் குறையும், ஆனால் டர்போ தன் வேகத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சத்தம் வேண்டுமா? இன்டர்கூலரைத் தாண்டிய குளிர்ந்த பைப்பில் வையுங்கள், ரப்பர் ஹோஸில் T வடிவ இணைப்பு போடாமல் அலுமினிய பைப்பில் வால்வு உட்காரும் ஃபிளாஞ்சை வெல்டு செய்து, உள்ளே ஒரு துருவல்கூட இல்லாமல் கழுவிவிட்டு மாட்டுங்கள், அந்தத் துகள் நேராக இன்ஜினுக்குள்தான் போகும். கரண்ட் போனால் மூடிக்கொள்ளும் வகையையே வாங்குங்கள். திறக்க வேக்வம் வேண்டும் என்று பிரேக் பூஸ்டர் குழாயில் மட்டும் கைவைக்காதீர்கள், அதில் கசிவு வந்தால் பிரேக் கல்லாகிவிடும். வாரண்டி இருக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

பழைய வண்டி வாங்கினீர்கள், அதில் முன்னால் வைத்திருந்தவர் மாட்டிய வால்வு இருக்கிறது என்றால், கழற்றி அந்த ஃபிளாஞ்சை கேஸ்கெட் வைத்து ஒரு தகட்டால் அடைத்துவிட்டு சுமையோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்தால் கசிந்தது அதுதான், திரும்ப மாட்டாதீர்கள்.