கார்க்கசோன் நாக்-அவுட் போட்டியை ஆன்லைனில் நடத்துவது எப்படி?

காரைக்குடியில் நாலு பேர், தேவகோட்டையில் மூன்று பேர், பள்ளத்தூரில் ஒருவர், மீதிப் பேர் சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி. செட்டிநாட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழு என்றால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இந்தக் கூட்டத்தை வைத்தே ஒரு டைல் (சதுர அட்டை) விளையாட்டுப் போட்டியை ஒழுங்காக நடத்தி முடிக்கலாம். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கூகுள் ஷீட், ஒரு விளையாட்டுத் தளம் போதும்.

விளையாட்டு கார்க்கசோன். கிளாவுஸ்-யூர்கன் வ்ரேடே உருவாக்கி 2000இல் வெளிவந்தது. 2001இல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' (ஆண்டின் விளையாட்டு) விருதை வாங்கியது. மொத்தம் 72 டைல். ஒன்று தொடக்கத்திலேயே மேசையில் இருக்கும். மற்றதை ஆளுக்கொன்றாக எடுத்து, சாலைக்குச் சாலை, கோட்டைக்குக் கோட்டை விளிம்பு பொருந்தும்படி வைக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிற கொத்தனார் பூ வேலை பிசகாமல் பார்ப்பாரே, அதே கண் இதற்கும் வேண்டும். போர்ட் கேம் அரீனா தளத்தில் இது இருக்கிறது. அங்கே சில ஆட்டங்களுக்கு மேசை திறப்பவரிடம் (ஆட்டத்தைத் தொடங்கி மற்றவரை அழைப்பவரிடம்) கட்டணக் கணக்கு இருக்க வேண்டும். அதனால் யார் மேசை திறப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஒன்றை அறிவித்து, அதோடு கதவைச் சாத்திவிடுங்கள். "தம்பி, என்னையும் சேத்துக்கப்பா" என்று மறுநாள் பெரியப்பா வருவார். அடுத்த முறைக்கு அவர் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். இப்போது சேர்த்தால் அட்டவணை முழுவதும் கலையும்.

நாக்-அவுட்டில் ஒவ்வொரு மோதலிலும் ஒருவர் வெளியேறுகிறார். ஆகவே 13 பேர் என்றால் 12 மோதல். எத்தனை பேரோ அதில் ஒன்று குறைவு. முதல் தடவை நடத்துபவர்கள் 16 பேருக்கு மேல் போக வேண்டாம் என்பேன். ஆட்டம் நடத்துவது சுலபம், ஆட்களைத் துரத்திப் பிடிப்பதுதான் பாடு.

அட்டவணை போடுவது

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள், நிதானமாகப் பார்ப்போம். நாக்-அவுட் அட்டவணை 4, 8, 16, 32 என்ற எண்களில்தான் சரியாக அமையும். 13 பேர் இருந்தால் அடுத்த எண் 16. மூன்று இடம் காலி. எனவே மூன்று பேர் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவார்கள். இதைத்தான் 'பை' என்கிறோம்.

யாருக்கு பை? எல்லாரையும் 1 முதல் 13 வரை வரிசைப்படுத்துங்கள். தளத்தில் ஏற்கெனவே ஆடியவர்களுக்கு எலோ மதிப்பெண் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) இருக்கும், அதைப் பார்த்து முன்னால் வையுங்கள். மற்றவர்களுக்குக் குலுக்கல்தான். வீடியோ காலில் எல்லாரும் பார்க்க, ஒரு சம்படத்தில் சீட்டைப் போட்டு வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் யாரும் முணுமுணுக்க முடியாது.

இனி ஜோடி சேர்க்க வேண்டும். இருவர் எண்ணையும் கூட்டினால் 17 வர வேண்டும்: 4க்கு 13, 5க்கு 12, 6க்கு 11, 7க்கு 10, 8க்கு 9. ஆக ஐந்து மோதல். 14, 15, 16 என்று ஆளே இல்லாததால் 3, 2, 1 ஆகியோருக்குத் தானாகவே பை கிடைத்துவிடும். வென்ற ஐவரும் இந்த மூவரும் சேர்ந்தால் எட்டுப் பேர், கால் இறுதி தயார். அங்கே கூட்டுத்தொகை 9. எட்டாம் எண்காரரை ஒன்பதாம் எண்காரர் வீழ்த்தினால், அவர் இனி எட்டாம் எண்ணின் இடத்தில் நிற்பார். கையால் போடச் சலிப்பாக இருந்தால் சாலாஞ்ச் (Challonge) என்ற அட்டவணை போடும் தளத்தில் பெயர்களை வரிசையாகக் கொடுங்கள், அதுவே போட்டுத் தரும்.

ஒரு மோதலுக்கு ஒரு ஆட்டமா, மூன்றா?

மூன்று. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டைல் எடுப்பதில் அதிர்ஷ்டம் உண்டு. கோட்டையை மூட ஒரே ஒரு டைல் வேண்டியிருக்கும், அது எதிராளி கைக்குப் போகும். அதுவுமில்லாமல், இருவர் ஆடும்போது 71 டைலில் முதலில் தொடங்குபவருக்கு 36, மற்றவருக்கு 35. ஒரே ஆட்டத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது நியாயமாகப் படவில்லை. மூன்றில் இரண்டு வென்றவர் அடுத்த சுற்றுக்கு என்று வையுங்கள். விரிவாக்கத் தொகுப்புகள் எதுவும் வேண்டாம், அடிப்படை ஆட்டம் போதும்.

சமன் ஆனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். சாதாரண ஆட்டத்தில் வெற்றியைப் பங்கிட்டுக்கொள்ளலாம், நாக்-அவுட்டில் முடியாது. குழுவில் இப்படி ஒரு செய்தியை அனுப்பி, மேலே பின் செய்து வைக்கலாம்:

"மூன்று ஆட்டம். வெற்றிக்கு 1, சமனுக்கு அரை. மூன்றும் முடிந்து சமமாக நின்றால் மூன்று ஆட்டத்தின் மொத்தப் புள்ளி பார்க்கப்படும். அதுவும் சமம் என்றால் இன்னொரு ஆட்டம். குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் தாண்டி வந்தால் அந்த ஆட்டம் எதிராளிக்கு. வென்றவர் கடைசித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது."

கடைசி வரி பேரனை வைத்துக்கொண்டு ஆடும் ஆயாக்களுக்காக.

நேரம்

காரைக்குடியில் இரவு 8 மணி என்றால் துபாயில் 6.30, சிங்கப்பூரில் 10.30. நியூஜெர்சியில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. ஞாயிறு என்றால் நாலு இடத்துக்கும் ஒத்துவரும். ஆனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க முயல வேண்டாம். "இந்தச் சுற்று அடுத்த ஞாயிறு இரவுக்குள் முடிய வேண்டும்" என்று கெடு மட்டும் வைத்து, நேரத்தை அந்த இருவரே பேசிக்கொள்ளட்டும். அதுவும் முடியாதவர்களுக்கு, நாளுக்கு ஓரிரு நகர்வு மட்டும் வைத்து மெதுவாக ஆடும் முறையும் தளத்தில் உண்டு. முதல் சுற்றுக்கு அது பரவாயில்லை. அரையிறுதிக்கு மேல் நேரடி ஆட்டம்தான் களைகட்டும்.

நாள் குறிக்கும்போது முகூர்த்த நாட்களைப் பாருங்கள். கல்யாண வீடு என்றால் பாதிக் குழு அங்கேதான் இருக்கும். பிள்ளையார் நோன்பு அன்று மாலை யாரும் போனைத் தொட மாட்டார்கள். பெரிய வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வளவுக்குள் (வீட்டின் உள்கட்டில்) சுவர் கனம் அதிகம், சிக்னல் அடிக்கடி படுத்துவிடும். வைஃபை இல்லையென்றால் முகப்புக்கு வந்து உட்காருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்று உள்ளூர்க்காரர்களுக்கு ஆட்டம் போடாதீர்கள்.

ஆட்டம் நடக்கும்போது

உங்கள் வேலை ஷீட்டில் முடிவை எழுதுவது, வராதவருக்குப் போன் போடுவது, அவ்வளவுதான். இணைப்பு அறுந்தால் தளத்தின் கடிகாரம் சொல்வதே முடிவு. வராதவரின் எதிராளிக்கு வாக்ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி, கொடுங்கள். இரண்டு பேருமே வரவில்லையா, இருவரும் வெளியே. அடுத்த சுற்றில் அவர்களைச் சந்திக்க வேண்டியவருக்கு பை. மாமன் மச்சான் என்று ஒருவருக்குத் தளர்த்தினால் மறுநாள் மூன்று பேர் அதே சலுகையைக் கேட்பார்கள்.

அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் மூன்றாம் இடத்துக்கு ஒரு மோதல் வையுங்கள். அதை இறுதி ஆட்டத்துக்கு முந்திய நாளே முடித்துவிடுவது நல்லது, பின்னால் வைத்தால் பார்க்க ஆள் இருக்காது.

பரிசுக்குப் பணம் வேண்டாம். காரைக்குடிப் பலகாரப் பொட்டலம் ஒன்று போதும். வென்றவர் வெளிநாட்டில் இருந்தால் தேன்குழல் வேண்டாம், போய்ச் சேர்வதற்குள் பொடியாகிவிடும். சீப்புச் சீடையை டப்பாவில் இறுக்கி அடைத்து அனுப்புங்கள்.