வடசென்னைத் தண்ணீரில் இட்லிப்பூ வளர்ப்பது எப்படி?

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இட்லிப்பூச் செடி வைத்திருக்கும் பலர் சொல்வது இதுதான்: "வாங்கறப்ப பச்சப்பசேல்னு இருந்துச்சு, இப்ப எல்லாம் மஞ்சளாயிடுச்சு." செடி மேல் தப்பே இல்லை. சங்கப் பாட்டில் வரும் வெட்சிதான் இது. காபிச் செடியின் குடும்பம். கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்தான் இதற்குப் பிடிக்கும், ஆனால் நம் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும்தான் அதிகம். இதைச் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

1. நர்சரியில் பூ நிறைய இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், துளிர் இலை நல்ல பச்சையாக இருக்கிறதா, இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மொட்டை மாடிக்குக் குட்டை ரகம் போதும்.

2. அடியில் துளையுள்ள 12 அங்குலத் தொட்டி. செம்மண், மக்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம அளவு. கட்டட வேலையில் மிஞ்சிய மணல் வேண்டவே வேண்டாம், அதில் சிமெண்ட் கலந்திருக்கும்.

3. தினமும் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். காசிமேடு மாதிரி கடலை ஒட்டிய வீடு என்றால் உப்புக்காற்று நேராக அடிக்காத பக்கம் வையுங்கள்.

4. தண்ணீர்தான் முக்கியம். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது கிடையாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை என்று சொல்லலாம், அதை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள், மண் மேல் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைக்காலத்தில் தொட்டியைத் திறந்தவெளியில் வையுங்கள், சேர்ந்த உப்பு அடித்துளை வழியே கழுவிக்கொண்டு போகும்.

5. அப்படியும் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேர் எடுக்கவிடாது. அதனால்தான் துருப்பிடித்த ஆணியைப் புதைத்தும் பலன் இருக்காது, யூரியா போட்டும் தீராது. உரக்கடையில் 'சீலேட்' இரும்பு (செடி சுலபமாக எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்பு) என்று கேட்டு வாங்கி, பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுசாக மாறாமல் போகலாம், அடுத்து வரும் துளிரைப் பாருங்கள்.

6. கொத்து வாடியதும் அதற்குக் கீழே உள்ள இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இலைகள் எதிரெதிராக இருப்பதால் அந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டு கிளை வரும், பூ கிளை நுனியில்தான் வரும் என்பதால் ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு கிடைக்கும். நாலு இதழ், நீளக் குழல், அப்படி ஏராளமான பூ சேர்ந்த கொத்து அது, வெட்ட மனசு வராதுதான், ஆனாலும் வெட்டுங்கள்.

7. வெட்டியதில் ரொம்ப இளசும் இல்லாத, முற்றியும் போகாத தண்டாக ஐந்தாறு அங்குலம் எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மழைக்காலத்தில் ஈர மணலில் ஊன்றலாம். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள், துளிர் வந்ததும் உடனே வெயிலுக்கும் மாற்றாதீர்கள்.